சளி என்று சொன்னேன்

யோங்தோ தீவில், பழைய மீன் சந்தைக்கு மேலே இருக்கும் பெண்கள் குளியல் கூடத்தில் தல்ரே அக்காவுக்கும் எனக்கும் அடுத்தடுத்த மேடை. வெந்நீரில் ஊறி வந்து படுப்பவர்களுக்கு, முரட்டுத் துணியைக் கையில் மாட்டிக்கொண்டு கழுத்திலிருந்து குதிகால்வரை அழுக்குத் தேய்த்து எடுப்பது எங்கள் வேலை. ஒன்பது வருஷம் அப்படி நின்றோம். அவள் கைக்காகவே பாலம் தாண்டி வந்தவர்கள் உண்டு.

அவளுக்குச் சர்க்கரை வந்து பதினோரு வருஷம் ஆகியிருந்தது. காலையும் இரவும் மாத்திரை. யார் பேச்சைக் கேட்டாளோ, இறைச்சி, மீன், முட்டை எல்லாவற்றையும் அறவே விட்டிருந்தாள். மதியம் அவளுக்குப் பார்லி சோறும் கீரையும் முள்ளங்கிக் கிம்ச்சி ஊறுகாயும். எனக்கு மட்டும் நெத்திலிச் சாறு வைத்துக் கொண்டுவருவாள்.

போன இலையுதிர் காலத்தில்தான் அவள் கை மாறியது. படுத்திருந்தவர்கள் "ஐயோ, எரியுது" என்று கத்த ஆரம்பித்தார்கள். அக்காவோ, "லேசாத்தானே தேய்க்கிறேன்?" என்பாள். தேய்த்த முதுகையே மறுபடி தேய்ப்பாள். கண்ணை மூடித் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போது தள்ளாடிச் சுவரைப் பிடிப்பாள். மற்றவர்களைச் சிரிக்க வைக்க அவள் நடையை நான் நடந்து காட்டியிருக்கிறேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒருநாள் ஒரு பெண்ணின் தோளில் ரத்தமே வந்துவிட்டது. அந்த வாரம் முழுக்க அக்காவின் வாடிக்கைக்காரர்கள் என் மேடைக்கு வந்தார்கள். எனக்கோ இடுப்பு விட்டுப்போயிருந்தது. முதலாளியம்மா, "தல்ரேக்கு என்னதான் ஆச்சு?" என்று கேட்டபோது எரிச்சலில் சொன்னேன்: "குடிச்சிட்டு வருதோ என்னவோ."

நம்பிச் சொல்லவில்லை. வாய்க்கு வந்தது, சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலை முதலாளியம்மா அவளை உடைமாற்றும் அறைக்குக் கூப்பிட்டாள். "வழுக்குற தரை, கொதிக்கிற தண்ணி. குடிச்சிட்டு இங்க நிக்க முடியாது தல்ரே."

அக்காவின் முகம் வெளுத்தது. ஏற்கெனவே வெளுத்துத்தான் இருந்தாள். "சொட்டுக்கூடத் தொட்டதில்லைங்க. வேணும்னா மோந்து பாருங்க."

முதலாளியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அக்கா என் பக்கம் வந்தாள்.

"மல்சூன், நீ மோந்து பாத்துச் சொல்லுடி."

வாயை அகலத் திறந்தாள். மது வாடையே இல்லை. அவள் நாக்கைப் பார்த்தேன். தோலுரித்த மாதிரி வழவழவென்று, செக்கச்செவேலென்று இருந்தது.

"எனக்குச் சளிக்கா. வாசனை ஒண்ணும் தெரியல" என்றேன்.

அவள் வாயை மூடினாள். தன் கூடையை எடுத்துக்கொண்டு, படிக்கட்டின் கம்பியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கிப் போனாள்.

இரண்டு மாதம் கழித்து, நரம்பு மருத்துவரிடம் வேலை செய்யும் தாதி ஒருத்தி என் மேடையில் படுத்தாள். பேச்சுவாக்கில் அக்கா கதையை எடுத்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. குப்புறப் படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்தாள்.

"சர்க்கரை மாத்திரை எத்தன வருஷமா சாப்பிடுறாங்க?"

"பதினோரு வருஷம் இருக்கும்."

"கறி, மீன் உண்டா?"

"எதுவுமே தொடாது."

"நாக்கு எப்படி இருந்துச்சு, பாத்தீங்களா?"

கையிலிருந்த துணியைக் கழற்றினேன். "பாத்தேன். தோலுரிச்ச மாதிரி செக்கச்செவேல்னு இருந்துச்சு."

"அந்த மாத்திரையை ரொம்ப வருஷம் சாப்பிட்டா சிலருக்கு வைட்டமின் பி பன்னிரண்டு உடம்புல சேராது. மரத்துப்போறது, தள்ளாடுறது, மறதி எல்லாம் அதனாலயும் வரும். ரத்தத்தைப் பாத்தாத்தான் தெரியும். சீக்கிரம் கூட்டிட்டு வாங்க. நாளானா நரம்பு முழுசாத் திரும்பாது."

அன்று மாலையே மேட்டுத் தெருவில் அவள் வீட்டுக்கு ஏறினேன். கதவைத் திறந்தவள் கையில் கோல்.

"என்னடி, சளி நல்லாயிடுச்சா?"

நான் தலை குனிந்தபடி தாதி சொன்னதைச் சொன்னேன். கால் மரத்ததைப் பற்றி அவளும் தன் வைத்தியரிடம் கேட்டிருந்தாளாம். சர்க்கரை என்றால் அப்படித்தான் இருக்கும் என்று அனுப்பிவிட்டாராம். மறுநாள் தாதி வேலை செய்யும் மருத்துவரிடம் நான் அழைத்துப் போனேன். ரத்தத்தில் அந்தச் சத்து கிட்டத்தட்ட இல்லவே இல்லை.

"மாத்திரையை நீங்களா நிறுத்திடாதீங்க" என்றார் புது மருத்துவர். "ஊசி போடுவோம். முட்டை, மீன் சாப்பிடுங்க. வருஷாவருஷம் இந்தப் பரிசோதனையும் செய்யணும். கை தேறும்னு நெனைக்கிறேன். காலைப் பத்தி உறுதியாச் சொல்ல முடியாது. ரெண்டு மாசம் முன்னாடி வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்."

இரண்டு மாதம். அது யாருடைய இரண்டு மாதம் என்று அந்த அறையில் எனக்கு மட்டும் தெரியும் என்று நினைத்தேன். ஊசி போட்டு வெளியே வந்ததும் நடைபாதையிலேயே சொல்லிவிட்டேன்.

"அக்கா, அன்னிக்கு எனக்குச் சளி இல்ல. நீ குடிக்கிறன்னு முதலாளியம்மாகிட்ட சொன்னதும் நான்தான்."

"தெரியும்டி" என்றாள் சட்டை நுனியை இழுத்துவிட்டபடி. "அதுக்கு முந்தின நாள்தானே நெத்திலிச் சாறு கமகமன்னு இருக்குன்னு ரெண்டு கிண்ணம் குடிச்ச? ஒரு ராத்திரியில மூக்கு அடைச்சுக்கிச்சாக்கும்."

"தெரிஞ்சும் ஏன் என்கூட வந்த?"

"மலையேறி வந்து நீ ஒருத்திதான் கதவைத் தட்டுன. கோவத்துக்காகக் காலை விட முடியுமா?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

முதலாளியம்மாவிடமும் உண்மையைச் சொன்னேன். அவள் பழம் வாங்கிக்கொண்டு போய் மன்னிப்புக் கேட்டு, வேலைக்குக் கூப்பிட்டாள். அக்கா வர மறுத்துவிட்டாள். நான்கு மாதத்தில் விரல்களுக்கு உணர்வு திரும்பியது, நாக்கு ஆறியது, மறதியும் போயிற்று. கால் மட்டும் பாதிதான் தேறியது. ஈரத் தரையில் நிற்கும் வேலை இனி ஆகாது. இப்போது சந்தையில் உட்கார்ந்து கருவாடு தரம் பிரிக்கிறாள்.

ஞாயிறுதோறும் குளிக்க வருகிறாள். என்னிடம் நன்றாகத்தான் பேசுகிறாள். வெந்நீரிலிருந்து எழுந்ததும் நான் போய்க் கை கொடுத்தால் பிடித்துக்கொள்கிறாள். ஆனால் என் மேடை காலியாக இருந்தாலும், புதிதாய்ச் சேர்ந்த பெண்ணின் மேடையில் ஆள் எழும்வரை காத்திருந்து அங்கேதான் படுக்கிறாள். நான் என் மேடைக்குத் தண்ணீர் ஊற்றி, இன்னொரு முறை கழுவுகிறேன்.