பெயர் போடாத கடிதம்

மார்க்கெட் கிடங்கில் மூட்டை தூக்குகிறவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க வந்த டீச்சர் முதலில் வாங்கியது கரும்பலகை இல்லை, ஓர் இரும்புப் பெட்டி. வகுப்பு தொடங்கிய மூன்றாம் நாளே, "என் இடத்துல ஏன்யா உக்காந்தே?" என்று ஒருத்தர் இன்னொருத்தர் தொடையில் மூட்டைக் கொக்கியை இறக்கிவிட்டார். இறக்கியவருக்கு ஐம்பத்திரண்டு வயது, பேரன் எடுத்தவர். சாக்கைக் குத்தி இழுக்கிற கொக்கி, சதையில் எப்படிப் போகும் என்று சொல்லவா வேண்டும்? பெஞ்சிலிருந்து அந்தக் கறை இன்னும் போகவில்லை.

அன்றைக்கே டீச்சர் சட்டம் போட்டாள். உள்ளே வருகிறவர் கொக்கியைப் பெட்டிக்குள் போடணும். நாலு மணிக்கு வகுப்பு முடிந்த பிறகுதான் பெட்டி திறக்கும். சாவி அவள் கழுத்துக் கயிற்றில்.

"ஏன் டீச்சர், நாங்க என்ன கொலைகாரங்களா?"

"யார் கண்டாண்ணே. எனக்குப் பிணம் பார்த்துப் பழக்கமில்லை. போடுங்க உள்ளே."

அவளுக்கு வயது முப்பத்து மூன்று. எதிரே உட்கார்கிறவர்களில் பாதிப் பேர் அவள் அப்பா வயசு. ஆனால் அந்த வாய் இருக்கிறதே, அதற்கு முன்னால் எந்தக் கொம்பனும் முணுமுணுத்துக்கொண்டே கொக்கியைக் கழற்றிப் போட்டுவிடுவான்.

ஆண்களுக்கு மதியம் இரண்டு மணியிலிருந்து நாலு மணிவரை. பெண்களுக்குக் காலையில், அதே கிடங்கு, அதே பெஞ்சு. எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவுக்கு வந்த பிறகு படிக்க என்ன கொடுப்பது? "ஆடு இலை தின்றது" என்று ஐம்பது வயதுக்காரரிடம் நீட்டினால், "அது எங்களுக்குத் தெரியாதா?" என்று சிரித்தார்கள். அதனால் டீச்சர் ஒரு வேலை செய்தாள். காலை வகுப்புப் பெண்கள் ஆளுக்கொரு கடிதம் எழுதி, பெயர் போடாமல், சுவரில் தொங்கும் துணிப்பையில் போடுவார்கள். மதியம் ஆண்கள் அதை எடுத்துச் சத்தமாகப் படித்து, பதில் எழுதிப் போடுவார்கள். அரிசி விலை, மாமியார் தொல்லை, பல்வலி என்று பை நிறைந்தது. ஒவ்வொரு கடிதத்தையும் டீச்சர் முதலில் படித்துப் பார்த்துவிட்டுத்தான் பையில் விடுவாள். அதுவும் ஒரு சட்டம்தான். அந்தச் சட்டத்தை உடைத்தது வேறு யாரும் இல்லை, அவளேதான்.

அந்த வகுப்பில் இரண்டு பேரைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒருத்தர் வெங்காயம். இருபத்தைந்து வருஷமாக வெங்காய மூட்டை தூக்குகிறார், கிட்டே வந்தாலே கண் எரியும், அதனால் அந்தப் பேர். இன்னொருத்தர் தராசு. மூட்டைகளுக்கு எடை போடுகிறவர். எண் தெரியும், எழுத்துத் தெரியாது. சலவைச் சட்டை, அதிர்ந்து ஒரு வார்த்தை வராது, டீச்சருக்கு நாற்காலியைத் துடைத்துப் போடுகிற மரியாதை. வெங்காயத்தின் தங்கச்சியைத்தான் தராசு கட்டியிருந்தார். மச்சானும் மாப்பிள்ளையும் ஒரே பெஞ்சு, ஒரே புத்தகம்.

தங்கச்சி காலை வகுப்பு. மூன்று மாதத்துக்கு முன்னால் இடது கையில் மாவுக்கட்டோடு வந்தாள். "குழாயடியில வழுக்கிட்டேன் டீச்சர்" என்றாள். டீச்சர் நம்பினாள். அண்ணன் நம்பினார். ஊரே நம்பியது.

அன்றைக்குக் கல்வி ஆபீசிலிருந்து ஆபீசர் ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். உட்கார்ந்ததும், "மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கிறாங்கன்னு புகார் இருக்கும்மா" என்றார்.

டீச்சருக்குச் சுர்ரென்று ஏறியது. "மனப்பாடமா? பையில கைவிட்டு எதையாவது எடுங்க சார். காலையில போட்டது. நானே இன்னும் பார்க்கலை. யார்கிட்ட வேணா குடுங்க" என்றாள். பெருமை, வேறென்ன! அந்த வாயை அப்புறம் எத்தனை நாள் சபித்துக்கொண்டிருந்தாள்.

ஆபீசர் ஒரு தாளை எடுத்து முன் பெஞ்சில் இருந்த வெங்காயத்திடம் நீட்டினார். வெங்காயம் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். பக்கத்தில் தராசு, "தைரியமாப் படிங்க மச்சான்" என்று முதுகில் தட்டினார்.

விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி, வெங்காயம் படித்தார்.

"படிக்கிறவருக்கு வணக்கம். என் கை... ஒடிந்து... மூன்று மாதம் ஆச்சு."

"பலே" என்றார் ஆபீசர்.

டீச்சர் தாளை வாங்கக் கையை நீட்டினாள். "போதும்ணே, உக்காருங்க" என்றாள். வெங்காயத்துக்குக் காது கேட்கவில்லை. இரண்டு வருஷம் பாடுபட்டு வந்த படிப்பு, பாதியில் நிறுத்துவாரா?

"குழாயடியில்... வழுக்கி... விழுந்தேன் என்று... அண்ணனிடம் சொன்னேன்." நெற்றி சுருங்கியது. விரல் மட்டும் நகர்ந்தது. "அது பொய். என் வீட்டுக்காரர்... இரண்டு கிலோ... எடைக்... கல்லால்... அடித்தார்."

இரண்டு கிலோ எடைக்கல்லை வீட்டில் வைத்திருக்கிற வீட்டுக்காரர் இந்த மார்க்கெட்டில் எத்தனை பேர்? ஒரே ஒருத்தன். அவன் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். இனிமேல் அவனுக்கு என்ன மரியாதை வேண்டிக்கிடக்கிறது.

வெங்காயம் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். மெதுவாகத்தான் வைத்தார். பிறகு பெஞ்சை அப்படியே தூக்கினார். நாலு பேர் உட்கார்ந்திருந்த பெஞ்சு. மூன்று பேர் உருண்டார்கள். தராசு மட்டும் துள்ளி விலக, பெஞ்சின் முனை அவன் தோளில் இடித்துச் சுவரில் மோதிப் பிளந்தது.

"மச்சான், யாரோ என்னவோ எழுதியிருக்கா..."

"யாரோவாடா? என் தங்கச்சி உனக்கு யாரோவாடா!"

உடைந்த பெஞ்சுக் காலை எடுத்து வெங்காயம் வீசினார். தராசின் காதோரம் கிழிந்து சலவைச் சட்டை சிவந்தது. அவன் பதிலுக்குக் கரும்பலகைச் சட்டத்தைப் பிடுங்கி அவர் முகத்தில் அடித்தான். மூக்கு உடைந்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது. ஆபீசர் மேஜைக்குக் கீழே போய்விட்டார், மனப்பாடப் புகாரும் அவரோடு போயிற்று.

"சாவியைக் குடு டீச்சர்!" மூக்கிலிருந்து வாய்க்கு ரத்தம் வழிய வெங்காயம் அவள் கழுத்துக் கயிற்றைப் பற்றினார். "என் கொக்கியைக் குடு!"

"மாட்டேண்ணே. என் உயிரே போனாலும் குடுக்க மாட்டேன்."

கயிறு கழுத்தை அறுத்தது. அவள் உதடு அவர் கைமுட்டியில் பட்டுப் பிளந்தது. பத்துப் பேர் ஓடி வந்து வெங்காயத்தின் இடுப்பை, கையை, காலைப் பிடித்தார்கள். டீச்சரும் அவர் கையைக் கட்டிக்கொண்டு தொங்கினாள். கொலை நடந்துவிடக் கூடாது, அது ஒன்றுதான் அவள் மண்டையில். அத்தனை பேரும் சேர்ந்து தப்பான ஆளைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

கதவு படாரென்று சாத்திக்கொண்டது. வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

தராசைக் காணோம்.

ஒரு நொடி யாருக்கும் விளங்கவில்லை. டீச்சருக்குத்தான் முதலில் விளங்கியது. அவன் எங்கே போவான்? போலீசுக்குப் பயந்து ஊரைவிட்டா ஓடுவான்? கடிதம் எழுதியவளிடம்தான் போவான். வீட்டுக்குப் பத்து நிமிஷ நடை. ஓடினால் நாலு.

"ஐயோ, அவ தனியா இருக்காளே!"

கிடங்குக் கதவு தடித்த பலகை. ஜன்னலில் கம்பி. ஆளாளுக்கு மோதினார்கள், தோள்தான் வலித்தது. டீச்சர் இரும்புப் பெட்டியைப் பார்த்தாள். இரண்டு வருஷமாக நாலு மணிக்கு முன்னால் ஒருநாளும் திறக்காத பெட்டி. கயிற்றை அறுத்துச் சாவியை எடுத்துத் திறந்தாள்.

"எல்லாரும் எடுங்க! பலகையைப் பிடுங்குங்க!"

பதினாலு கொக்கிகள் கதவில் இறங்கின. லாரியிலிருந்து மூட்டை இறக்குகிற அதே சத்தம் போட்டு, "ஏய் இழு, ஏய் இழு" என்று இழுத்தார்கள். மூன்றாவது இழுப்பில் பலகை ஆணியோடு வந்தது. வெங்காயம் அந்தச் சந்து வழியாகச் சதை கிழிய நுழைந்து போனார். அவர் கையில் கொக்கி. கொடுத்தது டீச்சர்.

"சார், மேஜையைவிட்டு வந்து போலீசுக்குப் போன் போடுங்க!" என்று கத்திவிட்டு அவளும் ஓடினாள். தக்காளிக் கூடைகளைத் தட்டிவிட்டு, கைவண்டியில் முழங்காலை இடித்துக்கொண்டு, செருப்பை எங்கே விட்டாள் என்றுகூடத் தெரியாமல் ஓடினாள்.

வரிசை வீடுகளில் மூன்றாவது. கதவு திறந்து கிடந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் வாசலில் நின்று அலறினார்களே தவிர ஒருத்தியும் உள்ளே போகவில்லை.

உள்ளே தங்கச்சி கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் தன்னைத் திணித்துக்கொண்டிருந்தாள். நெற்றி பிளந்து ஒரு கண் மூடிப்போயிருந்தது. வலது கை முழங்கைக்குக் கீழே திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. இரண்டு கிலோ எடைக்கல் தரையில். அதன் விளிம்பில் முடி ஒட்டியிருந்தது.

தராசு சுவரோரம் மண்டியிட்டிருந்தான். வெங்காயத்தின் கொக்கி அவன் தோளில் ஏறியிருந்தது. மூட்டையைப் புரட்டுகிற மாதிரி அவர் ஒரு திருப்புத் திருப்ப, அவன் போட்ட சத்தம் மனுஷன் போடுகிற சத்தமாக இல்லை. கொக்கியை உருவினார். முடியைப் பிடித்துத் தலையைப் பின்னுக்கு வளைத்தார். கழுத்து நிமிர்ந்தது. கொக்கி மேலே போனது.

டீச்சர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெட்டியைத் திறந்தவள் நான்தானே, நான்தானே என்று மட்டும் உள்ளே அடித்துக்கொண்டது.

"அண்ணே." கட்டிலுக்குப் பின்னாலிருந்து வந்தது. "லெட்டரைப் பூராவும் படிச்சியா?"

வெங்காயம் திரும்பவில்லை. "படிச்சது போதும்."

"பின்பக்கம் படிச்சியா?"

"நீ சும்மா இரு. இவனை முடிச்சிட்டு வரேன்."

"படிண்ணே. நான் ஒரு வாரம் உக்காந்து எழுதினேன். படிச்சிட்டு அப்புறம் என்ன வேணா பண்ணு."

ஒரு வாரம் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். ஒரு வரி எழுதி, அழித்து, விரல் மரத்துப்போய் உட்கார்ந்திருப்பது என்னவென்று அவரைப் போன்றவருக்குத்தான் தெரியும். தராசின் முதுகில் முழங்காலை ஊன்றி அழுத்திக்கொண்டே, இடது கையால் சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்தார். பல்லால் பிரித்தார். ரத்தம் பட்ட இடத்தைக் கட்டைவிரலால் துடைத்தார். வலது கையில் கொக்கி ஓங்கியபடியே இருந்தது.

"அண்ணனிடம்... சொல்லவில்லை. சொன்னால்... கொக்கியோடு... வருவார்."

மூச்சு வாங்கினார்.

"அவர்... ஜெயி... ஜெயிலுக்குப் போனால்... நான்... யார் வீட்டுக்குப்... போவேன்? எனக்குப் போக... ஒரு... வீடு... வேண்டும்."

கடைசிச் சொல்லை இரண்டு தடவை படித்தார். எழுத்துப் புரியாமல் இல்லை. அப்புறம் அந்த ஓங்கிய கை கீழே இறங்கியது. வெங்காய மூட்டைக்கு நடுவில் இருபத்தைந்து வருஷம் கண் எரிந்தும் யாரும் பார்த்திராத அழுகையை அவர் அழுதார். கொக்கியை டீச்சர் பக்கம் நீட்டினார்.

"பெட்டியில போடும்மா."

அவள் வாங்கிக்கொண்டாள்.

போலீஸ் வந்தது. இரண்டு பேரையும்தான் கூட்டிப்போனது. தோளைக் கிழித்ததற்கு வெங்காயத்தின் மேலும் கேஸ் உண்டு, சும்மா விடுவார்களா? நாலு நாளில் ஜாமீனில் வந்தார். நேரே ஆஸ்பத்திரிக்கு வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, "முன்ரூமை உனக்கு ஒழிச்சு வச்சிருக்கேன்" என்றார். அவ்வளவுதான் பேச வந்தது.

டீச்சர் அங்கேதான் இருந்தாள். உதட்டில் தையலோடு, நாலு நாளாகச் சொல்ல நினைத்ததைச் சொன்னாள். "என்னை மன்னிச்சிடு. நான் படிச்சுப் பார்த்திருக்கணும்."

"நீங்க படிச்சிருந்தா எடுத்து ஒளிச்சு வச்சிருப்பீங்க" என்றாள் தங்கச்சி. கோபமா இல்லையா என்று டீச்சருக்குக் கண்டுபிடிக்க முடியவில்லை.

புகார் வாங்க வந்த போலீஸ்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு, "சொல்லும்மா, நான் எழுதிக்கிறேன். கடைசியில கைநாட்டு வச்சா போதும்" என்று மைப்பெட்டியைத் திறந்தார்.

"நான் எழுதியாச்சு சார். அண்ணே, அதைக் குடு."

வெங்காயம் அந்தத் தாளைக் கொடுத்தார். மடிப்பு கிழிந்து, ரத்தம் காய்ந்து பழுப்பேறியிருந்தது. அவள் அதைத் தொடைமேல் விரித்துவைத்து, முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் பார்த்தாள்.

"இதுல ஒண்ணு விட்டுப்போச்சு டீச்சர். பேனா குடுங்க."

வலது கை மாவுக்கட்டில் தொங்கியது. பேனாவை இடது கையில் வாங்கினாள். போன தடவை அவன் ஒடித்த கை. எலும்பு கொஞ்சம் கோணலாகத்தான் சேர்ந்திருந்தது. "வீடு வேண்டும்" என்பதற்குக் கீழே, பல்லைக் கடித்துக்கொண்டு, யாருக்கும் அவசரமில்லாத வேகத்தில், அவள் தன் பெயரை முழுசாக எழுதினாள்.