அப்பன் வீட்டுக் கட்டி

"கிண்ணத்த ரொப்பிட்டியேடி! வந்தவங்கள எழுந்து போகச் சொல்றியா?"

மாமியார் பஷோரத்தின் குரல் கூடத்தைத் தாண்டித் தெருவரைக்கும் கேட்டது. புது மருமகள் ஆய்தின் தேநீர்க் குடுவையைக் கீழே வைத்துவிட்டு, நெஞ்சில் கை வைத்துக் குனிந்தாள். விருந்தாளியின் கிண்ணத்தில் பாதிக்கும் குறைவாகத்தான் ஊற்ற வேண்டும்; காலியாகக் காலியாக மறுபடி ஊற்றினால்தான் மரியாதை. விளிம்புவரை நிரப்பினால் கிளம்புங்கள் என்று அர்த்தம். ஃபெர்கானா பக்கத்தில் இது தவழும் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆய்தினுக்கும் தெரியும். அவள் கைக்குத்தான் தெரியவில்லை. வலது உள்ளங்கையில் கட்டைவிரலுக்குக் கீழே கொண்டைக்கடலை அளவுக்கு ஒரு கட்டி. குடுவையின் பிடி அதில் பட்டதும் கை வெட்டி இழுத்துவிட்டது.

"எங்க, கையக் காட்டு பாப்போம்" என்றாள் கரோமத். அந்தத் தெருப் பெண்களின் நியாய அநியாயங்களுக்கெல்லாம் அவள்தான் நீதிபதி.

"பாருங்கக்கா, நல்லாப் பாருங்க. அப்பன் வீட்டுலேருந்தே கொண்டுவந்த சீக்கு. மறைச்சு என் தலையில கட்டிட்டாங்க" என்று பஷோரத் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கண் என்னவோ காய்ந்துதான் இருந்தது.

அப்பன் வீட்டிலிருந்து வந்த மற்றவற்றைப் பற்றி அந்த அம்மாளுக்கு ஒரு குறையும் கிடையாது. மெத்தைகள், பூவேலை செய்த மரப்பெட்டி, பீங்கான் வகைகள், குளிர்பதனப் பெட்டி, எல்லாம் சொல்லிவைத்து வாங்கியவை. கல்யாணத்துக்கு முந்தின வாரம், "குளிர்காலம் வருது, ரொட்டி சுட நான் எதப் போட்டு எரிக்கிறது? சம்பந்தி பருத்திதானே போடறாரு?" என்றாள். அவரும் பஞ்செடுத்த பிறகு காய்ந்த செடிக்குச்சிகளை, ஒரு டிராக்டர் நிறையப் பருத்திமார், அனுப்பிவைத்தார். முற்றத்து மூலையில் கூரை உயரத்துக்கு அடுக்கிக் கிடந்தது.

மாப்பிள்ளை இல்ஹோம் கல்யாணம் முடிந்த கையோடு ரஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டான். போனில் அவன் பேசுவது ஒரே வாக்கியம்: "அம்மா சொல்றபடி கேளு." அம்மா சொன்னபடி ஆய்தின் விடிவதற்குள் எழுந்து, முற்றம் பெருக்கி, தெருவாசல் பெருக்கி, பருத்திமாரை முறித்துத் தந்தூர் அடுப்பில் தீ மூட்டினாள். அப்படி முறித்த ஒரு காலையில்தான் சிராய் குத்தியது. பிடுங்கி எறிந்தாள். முழுசாக வந்துவிட்டதாகத்தான் நினைத்தாள். கை வீங்கியபோது சொல்லவும் செய்தாள்.

"அத்தை, குச்சி குத்தினது உள்ளயே இருக்கு போல. ஆஸ்பத்திரிக்கு..."

"புதுப்பொண்ணு நாப்பது நாளு வாசப்படி தாண்டலாமா? உங்க வீட்டுல இதெல்லாம் சொல்லிக் குடுக்கலையா?"

வாசலைத் தாண்டித் தெருப் பெருக்கலாம். அது கணக்கில் வராது போலிருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் பதிலாகக் கண்ணேறு கழிக்கும் ஹோல்பீபி வந்தாள். ரொட்டியால் தலையைச் சுற்றினாள், சாம்பலைப் பூசினாள், பொறாமைக்காரப் பெண்கள் மூன்று பேர் என்று கண்டுபிடித்தாள், ஒரு பை உலர்ந்த பழத்தோடு போனாள். கட்டி போகவில்லை.

நாற்பது முடிந்ததும் பஷோரத் முடிவுக்கு வந்துவிட்டாள். குறையுள்ள பெண்ணைத் திருப்பி அனுப்பலாம். குறையை மறைத்த குற்றத்துக்குச் சீரை வைத்துக்கொள்ளலாம். வழக்கம் அவ்வளவு வசதியாக இருந்தது. ஆய்தினுக்கு இரவெல்லாம் ஒரே நினைப்புதான். தான் திரும்பிப் போய் நின்றால் அப்பாவின் முகம் எப்படி இருக்கும்? தங்கைகள் இரண்டு பேரையும் இனி எவன் வந்து கேட்பான்? அழுகை வந்தது. விடிந்தால் தீ மூட்ட வேண்டுமே என்று அதையும் அடக்கிக்கொண்டாள்.

"டாக்டரே சொல்லட்டும், அப்புறம் என்மேல பழி வேணாம்" என்று பஷோரத் கரோமத்தைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு மாவட்ட ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள்.

டாக்டரம்மா சின்ன வயசு; சாட்சிகள் இருவரையும் உள்ளேயே நிற்கவிட்டாள். மரத்துப்போக ஊசி போட்டுக் கட்டியைக் கீறினாள். உள்ளேயிருந்து அரிசி நீளத்துக்கு ஒரு பழுப்புச் சிராய் வந்தது.

"இதாம்மா சமாச்சாரம். வெளியிலேருந்து எதாவது உள்ள வந்துட்டா உடம்பு அத ஏத்துக்காது. வெளியத் தள்ளவும் முடியலன்னா சுத்திச் சுவர் கட்டிடும். அந்தச் சுவருதான் இந்தக் கட்டி. சீக்கும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றாள் டாக்டரம்மா.

ஆய்தின் மாமியாரைப் பார்த்தாள். வெளியிலிருந்து வந்ததைச் சுற்றிச் சுவர் கட்டுகிற விதம், அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் பார்த்ததுதான். கையில் தையல் போட்டு முடிந்ததும் சிராயைப் பஞ்சில் சுற்றி வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தபோது கூடத்தில் ஹோல்பீபி காத்திருந்தாள். ஆய்தின் தேநீர் கொண்டுவந்தாள். வலக்கையில் கட்டு. பஞ்சைப் பிரித்துச் சிராயை ரொட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"பருத்திமாரு" என்றாள் கரோமத், மெதுவாக.

பஷோரத் அந்தச் சிராயை எடுத்துப் பார்த்தாள். உடனே முகம் மலர்ந்துவிட்டது.

"நான் என்ன சொன்னேன்? அவ அப்பன் வீட்டுலேருந்து வந்ததுன்னு சொன்னேனா இல்லையா? அந்தப் பருத்திமாரு யாரு வீட்டுது?"

ஹோல்பீபி தலையை ஆட்டினாள். கரோமத் ஆட்டவில்லை.

"எங்க வீட்டுதுதான் அத்தை. நீங்க கேட்டு வாங்கினது" என்றாள் ஆய்தின். குரல் உயரவில்லை. நாற்பது நாளாக விழுங்கியதெல்லாம் அந்த ஒரு சொல்லில் வெளியே வந்ததுபோல் மனசு லேசாக இருந்தது.

கட்டுப்போட்ட கையை நெஞ்சில் வைத்துக் குனிந்தாள். பிறகு இடக்கையால் குடுவையை எடுத்து ஊற்றினாள். ஹோல்பீபியின் கிண்ணம் விளிம்புவரை. கரோமத்தின் கிண்ணம் விளிம்புவரை. மாமியாரின் கிண்ணமும் விளிம்புவரை. இந்த முறை ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

கரோமத் கிண்ணத்தைப் பார்த்தாள், எழுந்து, முழுவதையும் நின்றபடியே குடித்தாள்.

"பஷோரத், இவள அனுப்பினா நான் பாத்ததத் தெருப்பூரா சொல்வேன். தையல் பிரிக்கிற வரைக்கும் அவ குச்சியத் தொடக் கூடாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க, கேட்டேல்ல?" என்று சொல்லிவிட்டு ஹோல்பீபியையும் கிளப்பிக்கொண்டு போனாள்.

மறுநாள் விடிகாலை பருத்திமார் முறிபடும் சத்தம் கேட்டு ஆய்தின் ஜன்னலைத் திறந்தாள். தந்தூர் அடுப்பின் முன்னால் மாமியார் குந்தியிருந்தாள். இரண்டு கையிலும் முழங்கைவரை தடித்த தோல் கையுறை. பழசுதான், உழைத்து நன்றாக நைந்தது. அப்படி ஒன்று அந்த வீட்டில் இருந்ததே ஆய்தினுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.