வேலம்மாவின் மடவை

"அந்த மடவ மீன யாருக்குப்பா கையில தொங்க உட்டுனு வர்ற?" என்று குப்பம்மாள் கேட்டதும் தேசப்பன் நின்றார்.

பழவேற்காடு மீன் மார்க்கெட்டில் முப்பது வருடமாக அவர் மனைவி வேலம்மாவுக்குப் பக்கத்து இடம் குப்பம்மாளுடையது. தேசப்பன் இந்தக் கூரைக்குள் வந்தது மொத்தம் பத்துத் தடவை இருக்காது. ஏரியில் பிடிப்பதோடு அவர் வேலை முடிந்தது. தங்கள் ஊரான பசியாவரத்திலிருந்து கூடையைச் சுமந்து வந்து, தொண்டை கிழியக் கத்தி விற்றதெல்லாம் வேலம்மாதான். அவள் செத்து இன்றோடு எட்டு நாள்.

"அவளுக்குத்தான் யக்கா. இன்னிக்கி எட்டாம் நாளு படையல். அவளுக்குப் புடிச்சத எலைல வெக்கணும் இல்ல?"

குப்பம்மாள் செதில் சீவுவதை நிறுத்தினாள். "மடவையா? அவளுக்கா?"

"பின்ன? கல்யாணம் ஆன நாளா, வலைல வுழற மொத மடவ அவளுக்குன்னு தனியா எடுத்து வெப்பேன். 'இத்த விக்காத, நீயே துன்னு'ன்னு சொல்லித்தான் குடுப்பேன்." சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"விக்கலப்பா. ஒரு நாளும் விக்கல. எங்கிட்ட குடுத்துடுவா. எம் புள்ளைங்க அந்த மடவைலதான் வளந்துதுங்க."

"அவ துன்ன மாட்டாளா?"

"மீனே துன்ன மாட்டாளே! எளாவூர் பக்கம் நெல்லு வெளையற ஊர்ல பொறந்தவ. உம் பொண்ணு செவ்வந்தி வயித்துல இருக்க சொல்லோ கவிச்சி ஒமட்டிச்சி. அப்புறம் அது போவவே இல்ல. உனக்குத் தெரியாதா?"

கேலி செய்கிறாள் என்று தேசப்பன் சிரித்தார். குப்பம்மாள் சிரிக்கவில்லை.

வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகுதான் வேலம்மா சட்டியைத் தன் பக்கம் இழுப்பாள். 'எனக்கு எடுத்து வெச்சிக்கினேன், நீ துன்னு' என்பாள். வயிறு நிறைந்த மனுஷன் துண்டை விரித்துப் படுத்துவிடுவார். அவள் தட்டில் என்ன இருந்தது என்று ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை. ஏரியில் எந்த மூலையில் எந்த மீன் மேயும் என்று சொல்லத் தெரிந்தவர். அவருக்கு வெட்கமாக இருந்தது.

"பின்ன இன்னாதான் துன்னுவா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"வெளில கீரக்கார ரங்கம்மா கீறா பாரு. அவளக் கேளு. சோத்து வேளைக்கு அங்கதான் பூடுவா."

ரங்கம்மாள் ரோட்டோரம் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தாள். அவர் கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்தது.

"மொளக்கீர கடைசல்ணா. மாங்கா ரெண்டு துண்டு போட்டு. நான் ஆக்கினு வருவேன். ரெண்டு பேரும் இங்கியே குந்தி துன்னுவோம். அவ கிண்ணத்தையே வழிச்சித் துன்னுவா."

"இத்தினி வருசமா எங்கிட்ட ஏன் சொல்லல?"

ரங்கம்மாள் கீரைக்கட்டில் தண்ணீர் தெளித்தாள். "நானும் கேட்டேண்ணா. 'ஏரில நிக்க சொல்லோ அந்த மனுசன் என்னிய நெனைக்கிறதே அந்த ஒரு மீனு வுழும்போதுதான்டி. அத்தயும் இன்னாத்துக்குக் கெடுக்கணும்'னா."

தேசப்பன் நிமிர்ந்து பார்த்தார். சுற்றிலும் பேரமும் ஸ்கூட்டர் சத்தமுமாக மார்க்கெட் தன் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. அத்தனை பேரும் அவளை அவரைவிட அதிகமாக அறிந்தவர்களாகத் தெரிந்தார்கள். இரண்டு கட்டு கீரை கேட்டார். ரங்கம்மாள் மூன்று கட்டு வைத்து, மேலே ஒரு மாங்காயும் வைத்தாள்.

திரும்பும் வழியில் மடவையைக் குப்பம்மாளின் பலகையில் வைத்தார்.

"விக்காத யக்கா."

படையலுக்கு உறவுக்காரர்கள் கூடியிருந்தார்கள். "கவிச்சி இல்லாம படையலா? ஊரு சிரிக்கும்டா," என்று சத்தம் போட்டார் அண்ணன் துளசிங்கம். தேசப்பன் இலை நடுவில் சோற்றைக் குவித்து, பக்கத்தில் கடைசலைத் தன் கையாலேயே வைத்தார்.

மகள் செவ்வந்தி இலையைப் பார்த்தபடி நின்றாள். "அம்மா கீர துன்னு நான் பாத்ததே இல்லியே நைனா."

"நானும்தான்மா."

கற்பூரம் அணைந்ததும் அந்தக் கடைசலைப் பிசைந்து சாப்பிட்டார். புளிப்பு தூக்கலாக, நன்றாகத்தான் இருந்தது. ஒரு நாளாவது அவள் எதிரில் உட்கார்ந்து இதைச் சாப்பிட்டிருக்கலாம்.

மறுநாள் விடிகாலையில் வழக்கம்போல ஏரிக்குப் போனார். இரண்டாவது வீச்சில் ஒரு மடவை விழுந்தது. கை அதைப் பிரித்து எடுத்து, படகுப் பலகைக்கு அடியில் தனியாக வைத்தது. வைத்த பிறகுதான் அவருக்கு உறைத்தது.

அதை எடுத்து மற்ற மீன்களோடு போடவில்லை. வலையை உதறி, தோளில் போட்டுக்கொண்டு மறுபடி தண்ணீரில் இறங்கினார்.