ராய்ஸுக்குக் கொடுத்த தோட்டாக்கள்

...இதில் கீறல் இல்லை, இதிலும் இல்லை, தோட்டாவின் பித்தளைக் கூட்டு வாயோரமாக நகத்தை ஒரு சுற்று ஓட்டினால் போதும், கண் விட்டதை நகம் பிடித்துவிடும், இதோ, மயிரிழை அளவுக்கு, போ அந்தப் பக்கம், என்று ஆர்டிஸ் அந்தத் தோட்டாவை ஒதுக்கி வைக்க, கராஜ் வாசலில் நின்ற ராய்ஸ் முகம் சுளித்தான். சுளிக்கட்டுமே. அவன் தோட்டாக்கள்தான், கொண்டுவந்தவனும் அவன்தான். மத்தியானம் பழைய ரிவால்வர் சுடும் பந்தயத்தின் இறுதிப் போட்டி, மோதப்போவது அவளும் அவனும், காலையில் வந்து நிற்கிறான், “ஒரு தடவை பாத்துக் குடு ஆர்டிஸ், உன் கண்ணு மாதிரி இந்த ஊர்ல யாருக்கும் கிடையாது” என்று. எப்போதிருந்து? ஏலக்கடையில் அவள் தன் ரிவால்வரை வாங்கக் கை தூக்கியபோது பின்வரிசையிலிருந்து வந்த குரல் இதே குரல்தானே, “பள்ளிக்கூட பஸ் ஓட்டற அம்மாவுக்கு எதுக்குய்யா நூறு வருஷத்துத் துப்பாக்கி, பிள்ளைங்களை மிரட்டவா?” எல்லாரும் சிரித்தார்கள், மெர்ல்கூட, கட்டின புருஷன், குனிந்துகொண்டு சிரித்தான். அவள் தூக்கிய கையை இறக்கவில்லை. பாட்டன் கொடுத்ததில்லை, மாமனார் விட்டுப்போனதில்லை, மொன்டானா பனியில் பஸ் ஓட்டிய காசு, அவள் காசு...

எடை ஏன் இப்படி இருக்கிறது? ஒன்றைக் கையில் ஏந்திப் பார்த்தாள், இன்னொன்றையும். லேசு. பழைய துப்பாக்கிக்கு ஏற்ற கருமருந்து நிறைத்த தோட்டா உள்ளங்கையில் உட்காரும் விதமே வேறு. ஒன்றின் ஈயக்குண்டைக் கழற்றி, உள்ளிருந்ததை வெள்ளைத் தட்டில் கொட்டினாள். கரி போல வரவில்லை, சாம்பல் நிறத்தில், சின்னச் சின்னச் செதிலாக, ஒரு சிட்டிகை. “யார்கிட்ட வாங்கினே?” “பில்லிங்ஸ் துப்பாக்கிக் கண்காட்சியில, ஒரு ஆளு... கருமருந்துன்னுதான் சொன்னான்.” “இது இந்தக் காலத்து மருந்து, ராய்ஸ். உன் கிழட்டு இரும்பு இதைத் தாங்காது. தோட்டாச் சக்கரம் சிதறும், போறப்ப உன் விரலையும் கூட்டிக்கிட்டுப் போகும்.” அவன் தன் வலது கையைப் பார்த்தான், யாருடைய கையையோ பார்ப்பதுபோல. “வேற என்கிட்ட இல்ல” என்றான், மெதுவாக. அப்படியானால் போட்டி முடிந்தது, கோப்பை அவளுக்கு, ஒரு குண்டும் சுடாமல்... அதை வீட்டில் எங்கே வைப்பது? பார்க்கும்போதெல்லாம் இந்தத் தட்டுதானே ஞாபகம் வரும்?

“உக்காரு” என்றாள். கழுவிக் காயவைத்திருந்த தன் வெற்றுத் தோட்டாக் கூடுகளை எடுத்தாள், இரண்டு ரிவால்வருக்கும் ஒரே அளவுதான், ஒவ்வொன்றாக விளக்கொளியில் காட்டினாள், கீறல், களிம்பு, நசுங்கல், ஒன்றுமில்லை, தோட்டா அடைக்கும் கருவியின் நெம்புகோலை இழுத்தால் கை தானாக ஓடுகிறது, கருமருந்து, அதன்மேல் ஈயம், இடையில் துளி வெற்றிடம் கூடாது, மெழுகும் கொழுப்பும் கலந்த வாசனை, இந்த வாசனைக்கே அவள் ஒரு குளிர்காலம் முழுக்க இங்கே உட்கார்ந்து ஒரு பெட்டித் தோட்டா செய்து வைத்திருந்தாள், இன்றைக்கென்றே, குறையில்லாமல். ராய்ஸ் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தான். புதிதாகச் செய்தவற்றை அடுக்கி முடித்தாள். பிறகு, ஏன் என்று அவளுக்கே தெரியாது, அலமாரியிலிருந்த குளிர்காலப் பெட்டியை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

அவன் போனதும் மெர்ல், காப்பிக் கோப்பையோடு, “கிறுக்கு பிடிச்சிருக்கா உனக்கு? நல்லதை அவனுக்குக் குடுத்துட்டு, அவசரத்துல செஞ்சதை நீ வச்சுக்கறியே?” “அவசரத்துல செஞ்சாலும் என் கை செஞ்சதுதானே மெர்ல்.” சொல்லும்போது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பெருந்தன்மையா அது? தோற்றால் தோட்டாமேல் பழி போட அவனுக்கு வழி இருக்கக்கூடாது என்றுதானே... இல்லை, அதுவும் இல்லை.

மத்தியானம் மைதானத்தில் காற்று அடங்கியிருந்தது. முதலில் ராய்ஸ். வெண்புகை எழுந்தது, இலக்காக நிறுத்திய இரும்புத் தட்டு கணீரென்றது, மறுபடி, மறுபடி, ஒவ்வொரு குண்டும் ஒரே குரலில் பேசியது, ஒன்று உரக்கவும் இல்லை, ஒன்று தயங்கவும் இல்லை, இப்படித்தான், இப்படித்தான் பேசவேண்டும், எத்தனை சாயங்காலம் உங்களுக்காக... கடைசித் தட்டும் ஒலித்து அடங்கியது. ஒன்றுகூடத் தவறவில்லை. கூட்டம் இன்னும் வாய் பிளந்து நிற்க, யாரோ முதலில் கை தட்டினார்கள், பலமாக. “யாருக்கடி தட்டறே?” என்று மெர்ல் அவள் காதருகில் கேட்டான். அவள் தன் கைகளைப் பார்த்தாள். சிவந்திருந்தன. சுடும் கோட்டருகே அவள் பெயரைக் கூப்பிட்டார்கள், இனி அவள் ஒன்றும் தவறாமல், அவனைவிட வேகமாகச் சுட்டு இதை மிஞ்சியாகவேண்டும், தன்னையே மிஞ்சியாகவேண்டும், நடக்க ஆரம்பித்தாள், பையிலிருந்த, காலையில் செய்த தோட்டாக்களை விரலால் எண்ணிக்கொண்டே...