சாம்பல் நிறப் பொத்தான்

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு பதினெட்டுக்கு மூன்றாம் மாடியில் ஒரு மகள் ஒரு பொத்தானை அழுத்தினாள். இரண்டு இருபதுக்கு, நான்கு தெரு தள்ளி, அவளுடைய அம்மாவின் பேச்சிலிருந்து சத்தம் கழன்றுகொண்டது. அம்மா அப்போது கொடியில் துணி காயப்போட்டபடி உடைந்துபோன கிளிப்புகளைத் திட்டிக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது, மூச்சு வந்தது, திட்டு மட்டும் வரவில்லை. அதே மொழி பேசும் முந்நூற்றுச் சொச்சம் வீடுகளிலும் அதே நிமிடத்தில் இப்படித்தான் ஆனது. எந்தச் செய்தியிலும் வரவில்லை. வருவதற்கு அது என்ன பெரிய மொழியா?

மகள் பார்த்த வேலை இது: ஊர்பேர் தெரியாத ஆட்கள் போனில் ஒருவருக்கொருவர் அனுப்பிய செய்திகள், பெயருக்குப் பதில் எண் போடப்பட்டு, லட்சக்கணக்கில் திரைக்கு வரும். ஒவ்வொரு வரியும் எந்த மொழி என்று குறிக்க வேண்டும். பட்டியலில் இருபத்திரண்டு மொழிகள். கடைசியில், சாம்பல் நிறத்தில், 'பொருளற்றது'. போன் கைக்குழந்தையிடம் சிக்கிய வரிகளெல்லாம் அதில் போகும். ஒரே வரியை இரண்டு பேர் தனித்தனியே குறிப்பார்கள். இருவரும் முரண்பட்டால் மேற்பார்வையாளர் தீர்ப்புச் சொல்வார், தோற்றவருக்கு மதிப்பெண் குறையும். தொண்ணூறுக்குக் கீழே போனால் அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். அவளுக்கு ஜோடியாக வாய்த்தவரை அலுவலகமே தொண்ணூற்றெட்டு என்றுதான் கூப்பிடும். அதற்குக் கீழே அவர் இறங்கியதே இல்லை.

அவளுடைய வீட்டு மொழி பட்டியலில் இல்லை. அந்த ஜனங்கள் எழுத்தைக்கூடப் பொதுமொழியிடம் கடன் வாங்கித்தான் எழுதினார்கள். முதல் மாதம் அந்த வரிகள் வந்தபோதெல்லாம் குறிப்புக் கட்டத்தில் மொழியின் பெயரை ஆசையாக எழுதினாள். தொண்ணூற்றெட்டு பொருளற்றது என்பார். மேற்பார்வையாளரின் தீர்ப்பு, பட்டியலைப் பார்த்துவிட்டு, அவர் பக்கமே சாயும். மதிப்பெண் எண்பத்தொன்றுக்கு இறங்கியதும் மேற்பார்வையாளர் கூப்பிட்டு, "உனக்குத் தெரிஞ்சது வேற, பட்டியல்ல இருக்கிறது வேறம்மா. இந்த மாசம் ஏத்தலைன்னா இதுதான் கடைசி" என்றார். மறுநாளிலிருந்து சொந்த மொழியைக் கண்டால் அவளும் சாம்பல் பொத்தானை அழுத்தினாள். விரல் கூசியது. நாலு நாளில் கூச்சம் விட்டுப்போனது. அந்தச் செவ்வாய்க்கிழமை வந்ததுதான் கோப்பில் அந்த மொழியில் மிச்சமிருந்த கடைசி வரி: 'கிறுக்கி, இன்னைக்கும் குடையை மறந்துட்டுப் போயிருக்கா.' அம்மா சித்திக்கு அனுப்பியது என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கிறுக்கி அவளேதான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுத்தினாள்.

மகள் கூட்டிப்போன தொண்டை டாக்டர் அம்மாவைப் பொதுமொழியில் ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணச் சொன்னார். அம்மா கணீரென்று எண்ணினாள். "தொண்டை நல்லாத்தான் இருக்கு. வயசாகுதில்ல" என்று அனுப்பிவிட்டார். பொதுமொழியில் அம்மாவுக்குத் தெரிந்ததெல்லாம் கடைக்குப் போய்வரத் தேவையானது: எவ்வளவு, போதும், பஸ் வருமா, பரவாயில்லை. அதை வைத்துக்கொண்டு ஒரு மகளைத் திட்டவும் முடியாது, கொஞ்சவும் முடியாது. இதில் கொடுமை என்னவென்றால், அந்த மொழிக்காரர்கள் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்டது. அம்மாவும் சித்தியும் போனில் ஒரு மணி நேரம் பேசி, ஒரே இடத்தில் சிரித்தார்கள். பிறத்தியாருக்குத்தான் கேட்காது. பொத்தானை அழுத்தியவளும் பிறத்தியாராகிவிட்டாள். போனைப் பிடுங்கிக் காதில் வைத்தால் அந்தப் பக்கத்து மின்விசிறிச் சத்தம் மட்டும் வந்தது. அம்மா எழுதிக் காட்டினால் தாள் வெள்ளையாகத் தெரிந்தது. அவளே பேச வாயெடுத்தாலும் நாக்கு பொதுமொழிக்கே போனது.

குறித்த இருவரும் கையெழுத்துப் போட்டால் ஒரு வரியைத் திரும்பத் திறக்கலாம் என்று விதி இருந்தது. அவள் தொண்ணூற்றெட்டிடம் போய் நின்றாள். அவர் கெட்டவர் அல்ல. காலையில் சீக்கிரம் வந்து அவள் மேசையையும் சேர்த்துத் துடைத்துவைப்பவர்.

"எனக்குத் தெரியாத மொழிம்மா. தெரியும்னு எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?"

"தெரியும்னு போட வேணாம்ணே. நான் சொல்றதை நம்புங்க, அது போதும்."

அவர் பட்டியலை மேலிருந்து கீழ்வரை உண்மையாகவே தேடிப் பார்த்தார். "அதுக்குப் பொத்தான் இல்லையேம்மா" என்றார்.

அன்று சாயங்காலம் அவள் அம்மாவிடம், "நான்தாம்மா அழுத்தினேன்" என்று அழுதாள். எவ்வளவு புரிந்ததோ, அம்மா முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டு, "பரவாயில்லை" என்றாள். மீதிச் சில்லறை இல்லாத கடைக்காரரிடம் சொல்லும் அதே பரவாயில்லை.

ஏழு வருடம் போனது. அவர்கள் குறித்த வரிகளின் கோப்பு அந்த மாடியை விட்டுப் போய், அதைப் படித்துக் கற்ற இயந்திரம் அந்த மொழியை எங்கே கண்டாலும் தானாகவே சாம்பலில் தள்ளியது. அந்த முந்நூற்றுச் சொச்சம் வீடுகளையும் அக்கம்பக்கத்தார் அமைதியான ஜனங்கள் என்று மெச்சினார்கள். அவர்களுக்கு வாடகை வீடு சுலபமாகக் கிடைத்தது. மகள் தொண்ணூற்றொன்பது வாங்கினாள். அலுவலகம் ஒரு கேடயம் கொடுத்தது. அதை அம்மா மருந்துப் பெட்டி பக்கத்தில் வைத்துத் தினமும் துடைத்தாள்.

கடைசி நாள் காலை, ஆஸ்பத்திரிக் கட்டிலில், அம்மா மகளின் முகத்தைப் பார்த்து வெகுநேரம் உதட்டை அசைத்தாள். எதிர்ப்பக்கம் நின்றிருந்த சித்தி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எல்லாம் முடிந்து இருவரும் ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தபோது மகள் கேட்டாள்.

"அம்மா என்ன சொன்னாங்க சித்தி?"

"நிறையச் சொன்னா. எனக்கு உங்க மொழியில அவ்வளவு வராதுடி." சித்தி வார்த்தைக்குத் தடுமாறினாள். "குடை எடுத்தியான்னு கேட்டா."

அது நல்ல கோடை. வானத்தில் பொட்டு மேகம் கிடையாது. மறுவாரம் மகள் வேலைக்குத் திரும்பியபோது கையில் குடை இருந்தது. இப்போதும் தினமும் கொண்டுபோகிறாள். நாற்காலி முதுகில் மாட்டிவிட்டு, முதல் வரியைத் திறக்கிறாள்.