புங்கனேரி தூக்கிய கை

சுதந்திர தினத்தன்று கிராமசபையில் தூக்கிய வலது கை புங்கனேரி ஜனங்களுக்கு அதற்கப்புறம் கீழே இறங்கவில்லை. கூட்டம் முடிந்து மிட்டாய் கொடுத்தபோதுதான் விஷயம் தெரிந்தது. எல்லோரும் இடது கையை நீட்டினார்கள். நூறு நாள் வேலைக்குப் போகிற முத்துமாரி, "இன்னா இது, எறங்க மாட்டேங்குது" என்று பக்கத்தில் நின்றவளைக் கேட்டாள். பக்கத்தில் நின்றவளுக்கும் அதே கதி. யாரோ ஒருவர் சிரித்தார், அப்புறம் தன் கையைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, மத்தியானச் சோற்றுக்கு நேரமாகிவிட்டது. கையைத் தூக்கிக்கொண்டே எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள்.

கை தூக்கின காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். டவுனைச் சுற்றியிருக்கிற ஊராட்சிகளை நகராட்சியோடு சேர்ப்பதற்குச் சென்னையில் ஒரு சட்ட மசோதா தயாராகிறது, அதில் நம்ம ஊர் பேரும் இருக்கிறது என்று ஆடி பிறக்கும்போதே பேச்சு வந்துவிட்டது. சேர்ந்தால் ரோடு வரும், லைட்டு வரும் என்று சொன்னவர்களும் உண்டு. ஆனால் புங்கனேரிக்கு ஒரு கிணறு இருக்கிறது. பாலாற்றுக்கு இந்தப் பக்கம் தோல் பதனிடுகிற ஷாப்புகளின் கழிவுத் தண்ணீர் இறங்கி எல்லாக் கிணறும் உப்பும் மஞ்சளுமாகப் போன பிறகும், பள்ளிவாசல் தெருக் கிணறு மட்டும் ஏனோ இனிப்பாகவே இருந்தது. அந்தத் தண்ணீரில் வெந்த பருப்பின் ருசிக்காக அணைக்கட்டு ஊரிலிருந்து பெண் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். கிணற்றுக்குப் பின்னால் வறண்ட ஏரி. டவுன் குப்பையை அங்கே கொட்ட நகராட்சி கேட்டுக்கொண்டே இருந்தது, ஊராட்சி முடியாது என்று சொல்லிக்கொண்டே இருந்தது. ஊராட்சி என்று ஒன்று இருக்கிறவரைக்கும்தான் முடியாது என்று சொல்ல முடியும். சேர்த்துவிட்டால் ஏரி நகராட்சியுடையது, அப்புறம் யார் யாரைக் கேட்கப் போகிறார்கள்.

அதனால்தான் ஊராட்சித் தலைவி சோபனா மேடையேறி, "சேர்க்கக் கூடாதுன்னு சொல்றவங்க கையைத் தூக்குங்க" என்று கேட்டபோது ஊரே தூக்கியது. முதலில் தூக்கியது சோபனாதான். இரண்டாவது கை கௌசருடையது.

சோபனாவும் கௌசரும் ஷூ கம்பெனியில் ஒரே லைனில் பக்கத்துப் பக்கத்து மிஷினில் தைத்தவர்கள். சோபனா நாலைந்து வயது மூத்தவள், கௌசருக்கு அக்கா. தலைவர் பதவி பெண்களுக்கு என்று வந்தபோது, "நீ நில்லுக்கா, எங்க தெரு ஓட்டு மொத்தமும் ஒனக்குத்தான்" என்று தள்ளிவிட்டதே கௌசர்தான். பள்ளிவாசல் தெருவில் வீடு வீடாக உருதுவில் பேசி, நோன்பு வைத்த வாயோடு அலைந்து ஓட்டுச் சேர்த்தாள். கிணற்றைக் காப்பாற்றுவேன் என்று சோபனா கௌசரின் தலைமேல் கை வைத்துச் சொன்னாள். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அந்தத் தெரு ஓட்டுப் போட்டது.

கை தூக்கியபடி வாழ்வது முதல் சில நாள் பேஜாராக இருந்தது, அப்புறம் பழகிவிட்டது. இடது கையால் சாப்பிட ஊர் கூச்சப்பட்டது. பெரியவர்கள் ஒருவருக்கொருவர் ஊட்டிவிட்டுக்கொண்டார்கள். சண்டையில் பேசாமலிருந்த அண்ணன் தம்பிகள்கூட இட்லிக்காக ராசியானார்கள். தொழுகைக்கு என்ன செய்வது என்று கேட்டதற்கு, முடியாதவர்களுக்கு மார்க்கம் வழி விட்டுத்தான் இருக்கிறது, கவலைப்படாதீர்கள் என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் சொல்லிவிட்டார். டெய்லர் சர்தார் பாஷா வலது கையை மேலே விட்டுத் தைத்த சட்டையும் ஜாக்கெட்டும் புர்காவும் அந்த வருஷம் முழுக்க ஓடின. கம்பெனியில் கௌசரைத் தையலிலிருந்து செக்கிங்குக்கு மாற்றினார்கள். புதிதாக வந்த சூப்பர்வைசர் அவள் தூக்கிய கையைப் பார்த்துப் பார்த்து ஓடி வந்து, "இன்னாம்மா டவுட்டு" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பஸ்காரர்கள்பாடுதான் பாவம். தெருவில் சும்மா நிற்கிறவர்களுக்கெல்லாம் பஸ் நின்றது, ஷேர் ஆட்டோ நின்றது, காட்பாடிக்குப் போகிற கல்யாண வேன்கூட நின்றது. இதை எழுதுவதும் இடது கைதான். எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேலூர் ஆஸ்பத்திரிக்கு ஒரு வேன் பிடித்துப் போனார்கள். டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். எலும்பும் சரி, நரம்பும் சரி. வலிக்கிறதா என்று ஒவ்வொருவரையும் கேட்டார். இல்லை என்றார்கள். உண்மையிலேயே வலி இல்லை. ராத்திரி தூங்கும்போதும் கை தானாக நின்றது, கனமே தெரியவில்லை. வலிக்காத ஒன்றுக்கு மருந்து இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றைக்கு வேனில் சோபனா வரவில்லை, ஆபீஸில் வேலை என்று சொல்லியிருந்தாள். திரும்பி வந்தவர்களிடம் அவளே ஒரு விளக்கமும் சொன்னாள். நம்ம தீர்மானத்தை மேலே ஏற்றுக்கொள்கிற அன்றைக்குக் கை தானாக இறங்கிவிடும், அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள் என்றாள். எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. கேட்டதற்குப் பதில் வராமல் கையை எப்படி இறக்குவது.

சோபனாவுக்கு மட்டும் தோள் வலித்தது. அவள் வீட்டுக்குள் போனாலே தைலம் வாசனை தூக்கியடித்தது. கௌசர் அதைத் தப்பாக நினைக்கவில்லை. தலைவி என்றால் தாலுகா ஆபீஸ், கலெக்டர் ஆபீஸ் என்று அலைய வேண்டியிருக்கிறது, நம்மளைவிட அவளுக்குப் பாடு ஜாஸ்தி என்று நினைத்துக்கொண்டாள். சாயங்காலம் கம்பெனி விட்டு வந்ததும் சோபனா வீட்டுக்குப் போய், இடது கையால் தைலம் தொட்டு அவள் தோளைத் தேய்த்துவிடுவாள். "எறக்கிடவாடி, உயிர் போகுது" என்று சோபனா ஒருநாள் அழுதாள். "எறங்காதுக்கா, எறங்குனா நாங்க எறக்க மாட்டோமா" என்று கௌசர் சிரித்தாள். 

நடந்தது என்னவென்றால், கிராமசபை முடிந்த அதே வாரத்தில் டவுனிலிருந்து கட்சிக்காரர் ஒருவர் சோபனாவை ஆம்பூர் ஓட்டலுக்கு வரச்சொல்லியிருந்தார். சட்டம் எப்படியும் வரத்தான் போகிறது, மல்லுக்கு நின்றால் ஊராட்சியோடு நீயும் போய்விடுவாய், ஒத்துவந்தால் நகராட்சியில் கவுன்சிலர் சீட்டு, அதற்கு மேலேயும் பார்க்கலாம் என்று பேசியிருக்கிறார். சோபனா யோசித்திருக்கிறாள். ரொம்ப நேரம் யோசித்தாள் என்றுதான் அவளைக் கூட்டிக்கொண்டு போன கார் டிரைவர் பிறகு சொன்னான், அந்த மட்டும் அவளுக்கு நான் நியாயம் செய்துவிடுகிறேன். சரி என்று அவள் சொன்ன உடனே கை தானாக இறங்கிவந்து காபி டம்ளரை எடுத்தது. ஊர் எல்லைக்கு வந்ததும் அவளே மறுபடி தூக்கிக்கொண்டாள். அன்றிலிருந்து கருத்துக் கேட்பு நாள்வரைக்கும் அந்தக் கையை அவள் தன் பலத்தால்தான் தூக்கிப் பிடித்திருந்தாள். அந்த வலியைத்தான் கௌசர் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

மசோதாவின்மேல் ஜனங்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்க, தை மாதம் கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். அதிகாரி ஒருவர் வந்தார், நல்ல மனுஷர் மாதிரிதான் இருந்தார். இன்றைக்குப் பதில் கிடைக்கும், கை இறங்கும் என்று ஊரே தலை சீவிப் பூ வைத்துக்கொண்டு வந்திருந்தது. கௌசர் முதல் வரிசையில், மேடையை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். அதிகாரி மைக்கை எடுக்கும்போது சோபனா குனிந்து அவரிடம், "சார், எதிர்ப்பு யாருன்னு கேக்காதீங்க. ஆதரவு யாருன்னு மட்டும் கேளுங்க" என்று சொன்னதைக் கௌசர் காதால் கேட்டாள். கேட்டும் அந்த நிமிஷத்தில் ஒன்றும் உறைக்கவில்லை. அக்கா ஏதோ நமக்காகத்தான் சொல்கிறாள் என்றே எடுத்துக்கொண்டாள். அவ்வளவு நம்பிக்கை.

"புங்கனேரியை நகராட்சியோட சேர்க்கிறதை ஆதரிக்கிறவங்க கையைத் தூக்குங்க" என்றார் அதிகாரி. கை எல்லாம் ஏற்கெனவே மேலேதான் இருந்தது. ஒவ்வொருவரும் தலைக்குமேல் நின்ற தங்கள் கையைப் பார்த்தார்கள். அப்புறம் புரிந்தது. முத்துமாரி எழுந்து, "அய்யா, இது அப்போ தூக்குனது, இதுக்கு இல்லீங்க" என்று கத்தினாள். ஆளாளுக்குத் தங்கள் கையை இடது கையால் பிடித்து இழுத்தார்கள். முத்துமாரியின் கையில் இரண்டு பேர் தொங்கிப் பார்த்தார்கள், இரண்டு பேரையும் அது தூக்கிக்கொண்டு நின்றது. அதிகாரி பொறுமையாகத்தான் இருந்தார். "விருப்பமில்லாதவங்க கையை எறக்கிடுங்க, நான் வெயிட் பண்றேன்" என்றார். காத்துக்கொண்டும் இருந்தார். வேண்டாம் வேண்டாம் என்று மண்டபம் முழுக்கச் சத்தம் போட்டது. "வாயால சொல்றதைக் கணக்குல எடுக்க முடியாதும்மா, கைதான் கணக்கு" என்றார்.

அப்போதுதான் சோபனா கையை இறக்கினாள். யாரும் பிடித்து இழுக்கவில்லை. அப்பாடா என்று, கம்பெனியில் ஷிப்டு முடிந்து மிஷினை அணைக்கிற மாதிரி இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள். கௌசர் அந்தக் கையைப் பார்த்தாள், அந்தத் தோளைப் பார்த்தாள். இத்தனை மாசமும் தன் விரலில் ஒட்டியிருந்த தைலத்தின் வாசனை அவளுக்கு இப்போது மூக்கில் ஏறியது. "அக்கா" என்று மட்டும் சொன்னாள். சோபனா நிமிரவில்லை. துரோகம்தான். இதற்கு வேறு பேர் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. எதிரி செய்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது. நம் கை இறங்காது என்று தெரிந்தவளே செய்தாள்.

அந்த நேரத்தில் எடுத்த போட்டோ பேப்பரில் வந்தது. மண்டபம் நிறையத் தூக்கிய கைகள், மேடையில் ஒருத்தி மட்டும் கையைத் தூக்காமல் உட்கார்ந்திருக்கிறாள். ஊர் மொத்தமும் ஆதரவு, ஊராட்சித் தலைவி ஒருவர் மட்டும் எதிர்ப்பு என்று ஆபீஸிலிருந்து மேலே எழுதியனுப்பினார்கள். போட்டோவும் அதைத்தான் சொல்கிறது, பொய் என்று யாரும் சொல்ல முடியாது. மசோதா சட்டமானது. ஊராட்சி அலுவலகப் போர்டை இறக்கி வேறு போர்டு மாட்டினார்கள். முத்துமாரிக்கு நூறு நாள் வேலை நின்றது, நகரத்தில் அந்த வேலை கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். வீட்டு வரி கூடியது, ரோடும் கொஞ்சம் வந்தது. நல்ல ரோடுதான், குப்பை லாரி குலுங்காமல் ஏரிக்குப் போகிற மாதிரி போட்டிருந்தார்கள். அடுத்த வருஷம் நகராட்சித் தேர்தலில் அதே போட்டோவைப் பெரிதாக அச்சடித்து, அன்று எதிர்த்தவர் இவர் ஒருவரே என்று சோபனாவுக்கு ஓட்டுக் கேட்டார்கள். புதுசாக மனை வாங்கிக் குடிவந்த நகர்க்காரர்கள் போட்டார்கள். ஜெயித்தாள்.

கிணறு உடனே கெடவில்லை. ஒரு மழைக்காலம் தாக்குப்பிடித்தது. அப்புறம் தண்ணீரில் ஒரு வழவழப்பு வந்தது, பருப்பு வேகவில்லை, கடைசியில் வாளியைத் தூக்கினாலே மூக்கைப் பொத்த வேண்டியதாயிற்று. இப்போது பள்ளிவாசல் தெரு முழுக்க மெயின் ரோட்டுக் குழாய்க்குத்தான் போகிறது. ஒரு கை மேலே நிற்கிற ஊரில் ஒரு தடவைக்கு ஒரு குடம்தான், அதனால் நடை இரண்டு மடங்கு. கைகள் அப்படியேதான் இருக்கின்றன. கேட்டதற்குப் பதில் இன்னும் வரவில்லையே. வார்டுக் கூட்டத்தில் எதைக் கேட்டாலும் கைகள் மேலே இருப்பதால் எல்லாம் ஏகமனதாக நிறைவேறுகிறது. புங்கனேரி மாதிரி ஒத்துப்போகிற வார்டு ஜில்லாவிலேயே இல்லை என்று நகராட்சியில் பேர். ஜனங்கள் கூட்டத்துக்குப் போவதை விட்டுவிட்டார்கள்.

சோபனாவின் தோள்வலி மட்டும் போகவில்லை. கை இறங்கியும் போகவில்லை. டாக்டருக்குக் காட்டினாள், எண்ணெய்க்கட்டுப் போட்டாள், ஒன்றும் கேட்கவில்லை. போன பங்குனியில் ஒருநாள் காலையில் தைலப் பாட்டிலை முந்தானையில் முடிந்துகொண்டு கௌசர் வீட்டு வாசலுக்கு வந்தாள். கௌசர் அப்போதுதான் குடத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"கௌசர், கொஞ்சம் தேச்சு உடுடி" என்றாள் சோபனா. "வேற யார் தேச்சாலும் கேக்க மாட்டேங்குது."

கௌசர் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் சோபனா அழுதிருப்பாள், ஏதாவது சொல்லியிருப்பாள், அதோடு போயிருக்கும். கௌசர் தன் மேலே நின்ற கையை ஒரு தரம் அண்ணாந்து பார்த்தாள்.

"எனக்கு ஒரு கைதான்க்கா சும்மா இருக்கு" என்றாள். "அதுல தண்ணி தூக்கணும்."

குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். எதிரே வந்த குப்பை லாரி, தூக்கியிருந்த கையைப் பார்த்துவிட்டு நின்றது. அவள் மெதுவாகத் தெருவைத் தாண்டிப் போகிறவரைக்கும் நின்றுவிட்டு, வழக்கம்போல ஏரிப்பக்கம் போயிற்று.