அவனைத் தவிர எல்லோரும் அண்ணா

கருமத்தம்பட்டியில் ஆம்பிளையாக நடமாடுகிற எவனும் யாருக்காவது அண்ணாதான். பஸ்சில் சீட்டுக் கிழிக்கிறவர் அண்ணா, பேக்கரியில் டீ ஆற்றுகிறவர் அண்ணா, மீசை முளைக்காத பயலிடம் வழி கேட்டால்கூட அண்ணா என்றுதான் கேட்பார்கள். அப்படிப்பட்ட ஊரில்தான் பாலுசாமி தன் கூடப்பிறந்த தங்கையிடம், என்னை அண்ணா என்று கூப்பிடாதே என்று சொன்னான்.

வேறு யாரையாவது விட்டுச் சொல்ல வைக்கத்தான் முதலில் பார்த்தான். முடியவில்லை.

நாச்சியம்மாள் அவனுக்கு இளையவள். பிறவியிலேயே புத்தி கொஞ்சம் மட்டு. எதையும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். ஆனால் மண்டையில் ஏறிவிட்டால் அப்புறம் இறங்காது. அம்மா இருந்தவரை அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு திரிந்தாள். அம்மா போன பிறகு, பாலுசாமிக்குப் பெண் பார்க்கிற நேரத்தில், தாராபுரம் பக்கம் ஒரு காப்பகத்தில் கொண்டுபோய் விட்டான். ஆரம்பத்தில் மாசம் ஒருக்கா போய்ப் பார்த்தான். அப்புறம் ஆடிக்கும் தைக்கும் போனான். அப்புறம் தறிதான் காரணம், லீவு கிடைப்பதில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அவன் மகள் நித்யஸ்ரீ வளர்ந்து காலேஜும் முடித்துவிட்டாள். அப்படி ஒரு அத்தை இருப்பதே அவளுக்குத் தெரியாது. அவன் சம்சாரம் கீதாவும் அந்தப் பேச்சை எடுக்க மாட்டாள்.

ஒரு நாள் தறிக்குடோன் வாசலுக்கு மெர்சி என்று ஒரு பெண் வந்தாள். காப்பகத்தில் இருப்பவர்களை வெளியே கொண்டுவந்து, ஊருக்குள் வீடு பிடித்துக் குடிவைக்கிற அமைப்பில் வேலை செய்கிறவள்.

"ஏனுங்ணா, பாலுசாமிங்கறது நீங்கதானுங்களா? நாலஞ்சு பேராச் சேந்து இருக்கற மாதிரி உங்க ஊர்ல ஒரு ஊடு புடிச்சிருக்கோமுங்க. சமையல், கடைக்குப் போறது, வேலைக்குப் போறது எல்லாம் அவங்களே பாத்துக்குவாங்க. துணைக்கு ஒரு அக்கா கூட இருப்பாங்க. எந்த ஊருக்குப் போறீங்கன்னு ஒவ்வொருத்தரையும் கேட்டோம். நாச்சியம்மா யோசிக்கவே இல்ல. எங்கண்ணன் ஊருக்குன்னுட்டாங்க."

பாலுசாமிக்குப் பக்கத்துத் தறி ஓட்டுகிற சென்னியப்பன் அப்போதுதான் சூலூரில் தன் சொந்தத்தில் நித்யஸ்ரீக்கு ஒரு இடம் சொல்லியிருந்தான். உங்களுக்குக் கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டதற்கு, "நான் ஒத்தைக்கு ஒருத்தனுங்க" என்று சொல்லிவிட்டு வந்திருந்தான் பாலுசாமி.

"ஊட்டுல வெச்சுக்கச் சொல்றீங்களா மேடம்?"

"இல்லீங்ணா. அவங்களுக்குன்னு ஊடு இருக்குது. நீங்க வந்து போயிட்டு இருந்தாப் போதும்."

"அதில்லீங்க... என்ற புள்ளைக்கு எடம் கூடி வருது. இன்ன சொந்தம்னு வெளிய தெரியாம இருந்தாத் தேவலை. என்னைய அண்ணான்னு கூப்புட வேண்டாம்னு நீங்களே பக்குவமாச் சொல்லிப்போடுங்க."

மெர்சி அவன் முகத்தைப் பார்த்தாள். "நான் சொல்ல மாட்டனுங்ணா. சொல்லித்தான் ஆகோணும்னா நீங்களே போயி அவங்க மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

போனான். புது வீட்டில் குடியேறியிருந்த நாச்சியம்மாள் வாசலிலேயே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தன் அறையைக் காட்டினாள். கட்டிலைக் காட்டினாள். பீரோவைத் திறந்து மடித்து வைத்த துணிகளைக் காட்டினாள். "அண்ணா, சாவி என்றகிட்டத்தான் இருக்குது. யாருக்கும் குடுக்க மாட்டேன்" என்று சிரித்தாள். தலையில் நரை விழுந்திருந்தது. சிரிப்பு மட்டும் பாவாடை கட்டித் திரிந்த காலத்துச் சிரிப்பு.

அவன் சொன்னான். அவளுக்குப் புரியவில்லை.

"எதுக்கு?"

"பாப்பாளுக்குக் கல்யாணம் ஆகோணுமல்ல கண்ணு. நீ அண்ணான்னு சொன்னா நின்னு போகும்."

"நின்னு போகுமா?" அவள் பயந்துபோனாள். "பாப்பா பேரென்ன?"

"நித்யஸ்ரீ."

"அப்ப உன்னை எப்படிக் கூப்புடறது?"

"ஏனுங்கன்னு கூப்புடு. வழியில போற யாரையோ கூப்புடற மாதிரி."

அவள் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். "ஏனுங்க. ஏனுங்க." அப்புறம் அவனை நிமிர்ந்து பார்த்து, "செரியாச் சொல்றனுங்களா?" என்று கேட்டாள். செரி என்றான். அவள் கொண்டுவந்து கொடுத்த தண்ணீரை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினான்.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தான். தார் சுற்ற ஆள் கிடைக்காமல் குடோன் முதலாளி அரங்கசாமி திண்டாடிக்கொண்டிருந்த நேரம் அது. தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற குச்சியில் நூல் சுற்றுகிற வேலை. மெர்சி போய்ப் பேசியிருக்கிறாள். அடுத்த வாரமே நாச்சியம்மாள் மதியச் சோற்றைத் தூக்குப் போசியில் எடுத்துக்கொண்டு அதே குடோனுக்கு வேலைக்கு வந்துவிட்டாள்.

முதலில் நூலை அறுத்தாள், சிக்கலாக்கினாள். கூட வேலை செய்த பூஜிதா பக்கத்தில் நிறுத்திக்கொண்டு சொல்லிக் கொடுத்தாள். பழகிய பிறகு கூடையில் தாரை அடுக்கிக்கொண்டு தறி தறியாகக் கொண்டுபோய் வைப்பாள். "சென்னியண்ணா, தார்." "மொதலாளியண்ணா, நூல் தீந்துபோச்சு." தண்ணி லாரிக்காரனும் அண்ணாதான். பாலுசாமியின் தறிக்கு வந்தால் மட்டும் குரல் மாறிவிடும். கூடையைக் கீழே வைத்து, கையைக் கட்டிக்கொண்டு, "ஏனுங்க, தார் வேணுங்களா?" என்பாள். சரியாகச் சொல்லிவிட்டோமா என்று ஒரு பார்வை பார்ப்பாள். அந்தப் பார்வையை அவன் ஒரு நாளும் எதிரே வாங்கியதில்லை. குனிந்து அறுந்த இழையைத் தேடுவான்.

டீ நேரத்தில் சென்னியப்பன்தான் முதலில் வம்புக்கு இழுத்தான். "ஏன் அம்மணி, குடோன்ல இருக்கற அத்தனை பேரும் உனக்கு அண்ணன். இந்தப் பாலு மட்டும் என்ன பாவம் பண்ணுனாப்ல? சம்பந்தி மாதிரி ஏனுங்க போட்டுக் கூப்புடறே!"

நாச்சியம்மாள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். எல்லோரும் சிரித்தார்கள். பாலுசாமியும் சேர்ந்து சிரித்தான்.

பூஜிதா மட்டும் சிரிக்கவில்லை. வேலைக்குப் போகிற பெண்கள் ஒருத்தனை அண்ணா என்று கூப்பிடுவது மரியாதைக்கு மட்டுமல்ல. அது ஒரு வேலி. அங்கேயே நில்லு என்று சொல்லாமல் சொல்வது. எல்லோருக்கும் அந்த வேலியைப் போடுகிறவள் ஒருத்தனுக்கு மட்டும் ஏன் போடவில்லை? அவன் கிட்டே வந்தால் ஏன் வாயைப் பொத்துகிறாள்? பூஜிதா நாலு நாள் கவனித்தாள். அப்புறம் முதலாளி காதில் போட்டுவிட்டாள்.

மறுநாள் மத்தியானம் கரண்ட் போனது. அத்தனை தறியும் ஒரே அடியாக நின்று, குடோனே காது அடைத்த மாதிரி ஆயிற்று. அரங்கசாமி அந்த நேரம் பார்த்துக் கூப்பிட்டார்.

"பாலு, இங்க வா. அந்த அம்மணிகிட்ட நீ ஏதாச்சும் வாலாட்டுனியா?"

பாலுசாமிக்கு ஒரு கணம் என்ன கேட்கிறார் என்றே புரியவில்லை. புரிந்ததும் உடம்பெல்லாம் கூசியது. ஒரே வார்த்தை சொன்னால் போதும். ஆனால் கைக்கெட்டும் தூரத்தில் சென்னியப்பன் நின்றுகொண்டிருந்தான்.

"அதுக்குப் புத்தி மட்டுங்கண்ணா. எதையாச்சும் நெனச்சுக்கும். அது பேச்சப் போயிப் பெருசு பண்ணிக்கிட்டு..."

அது என்றான். அவள் அங்கேதான் கூடையோடு நின்றாள்.

பூஜிதா அவள் தோளைத் தொட்டு, "பயப்படாமச் சொல்லுங்க நாச்சியக்கா. இவரு உங்கள ஏதாச்சும் பண்ணுனாரா?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் பண்ணலியே."

"அப்ப ஏன் இவர அண்ணான்னு கூப்புட மாட்டீங்கறீங்க?"

"கூப்புடக் கூடாதுன்னு அவருதான் சொன்னாரு."

"எங்க வெச்சுச் சொன்னாரு?"

"என்ற ரூம்ல."

அரங்கசாமி எழுந்து வந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. பாலுசாமியின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். "ரூம்லயா? அந்தப் பொண்ணு ரூம்ல உனக்கு என்னடா வேலை?"

"அட நாயே" என்றான் சென்னியப்பன். "உன்ற ஊட்டுலயா பொண்ணெடுக்கச் சொல்லி நான் சூலூருக்கும் இங்கைக்கும் நாயா அலைஞ்சேன்?"

சூலூர் இடம் கைவிட்டுப் போய்விட்டது என்று அந்த நொடியில் பாலுசாமிக்குத் தெரிந்தது. அது தெரிந்த பிறகுதான் அவனுக்கு வாய் திறந்தது. இதைப் பின்னால் எத்தனை முறை நினைத்துப் பார்த்தாலும், வேறு மாதிரி சொல்லிக்கொள்ள அவனால் முடியவில்லை. தங்கைக்காகத் திறக்காத வாய் சட்டையைப் பிடித்ததும் திறந்துகொண்டது.

"என்ற தங்கச்சிங்க" என்றான். "கூடப் பொறந்தவ. எங்கம்மா வயித்துல பொறந்தவ."

யாரும் நம்பவில்லை. அதற்குள் கூடை கீழே விழுந்து தார் நாலா பக்கமும் உருண்டது. நாச்சியம்மாள் ஓடி வந்து அரங்கசாமியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இல்லீங்ணா! அவரு பொய் சொல்றாரு. அவரு என்ற அண்ணன் இல்லீங்ணா. எனக்கு அண்ணனே இல்ல." கண்ணும் மூக்கும் ஒழுக அழுதாள். "பாப்பாளுக்குக் கல்யாணம் ஆகோணும். நித்யஸ்ரீக்கு. அண்ணன்னு சொன்னா நின்னு போகும். நான் சொல்லவே இல்ல. கேட்டுப் பாருங்க, ஒருக்காக்கூட நான் சொல்லவே இல்ல!"

இப்போது எல்லோருக்கும் புரிந்தது. அரங்கசாமியின் பிடி தானாக விட்டது. அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். நாலு அறை விட்டிருந்தால் பாலுசாமி வாங்கிக்கொண்டிருப்பான். யாரும் அடிக்கவில்லை. பூஜிதா குனிந்து தாரைப் பொறுக்கத் தொடங்கினாள்.

சென்னியப்பன்தான் கடைசியில் பேசினான். குரல் தணிந்திருந்தது. "எங்க சொந்தத்துலயே இந்த மாதிரி ஒரு பையன் இருக்கறான் பாலு. பந்தியில எங்ககூட உக்காந்துதான் சாப்புடறான். நீ சொல்லியிருந்தா அவங்க ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாங்க. ஒத்தைக்கு ஒருத்தன்னு சொன்னே பாரு, அத நான் இனி அவங்ககிட்ட எந்த மூஞ்சிய வெச்சுட்டுச் சொல்றது?"

கரண்ட் வந்தது. தறிகள் ஒவ்வொன்றாக ஓட ஆரம்பித்தன. பாலுசாமி தன் தறியைப் போட்டான். அன்றைக்கு அவன் தறிக்குத் தார் கொண்டுவந்தது பூஜிதா. வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

வேலை விட்டதும் வீட்டுக்குப் போகவில்லை. நித்யஸ்ரீயிடம் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. வண்டி தானாக நாச்சியம்மாள் இருக்கும் தெருவுக்குத் திரும்பியது. இன்னும் வெயில் இருந்தது. தெருக்குழாயில் பெண்கள் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கேட்டுக்கு உள்ளே துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒருத்தி, ஊன்றுகோலை எட்டி வைத்து மெல்ல வந்தாள். நாச்சியம்மாளோடு அந்த வீட்டில் குடியிருக்கும் இஸ்மத்.

"யாரு வேணுங்க?"

"நாச்சியப் பாக்கோணுங்க. நான் அவளோட அண்ணன்."

"அவளுக்கு அண்ணன் இல்லையே" என்றாள் இஸ்மத். "கேட்டுட்டு வாரேன், இருங்க."

காப்பகத்தில் இப்படிக் கிடையாது. பார்க்க வந்தவன் பேரைச் சொன்னால் ஆளைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். அவளுக்கு விருப்பமா என்று அங்கே யாரும் கேட்டதில்லை, அவனும் கேட்டதில்லை.

நாச்சியம்மாள் வந்தாள். கையில் பாதி நறுக்கிய வெங்காயம். கேட்டுக்கு அந்தப் பக்கமே நின்றாள்.

"நான் யாருகிட்டயும் சொல்லல. நீங்கதான் சொல்லிப்போட்டீங்க."

"உம்மேல தப்பே இல்ல கண்ணு. எல்லாந் தப்பும் என்றதுதான். இனிமே அண்ணான்னே கூப்புடு. ஊரே கேக்கற மாதிரிக் கூப்புடு."

அவள் வெங்காயத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"உள்ள வரட்டுமா?"

வெகுநேரம் யோசித்தாள். அவள் யோசிக்கும்போது நெற்றி சுருங்குவதை அவன் எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு பார்த்தான்.

"வேண்டாங்க" என்றாள். கோபம் இல்லாமல்தான் சொன்னாள். "போன தடவை உள்ள வந்துதான் அப்படிச் சொன்னீங்க. இன்னைக்குக் கொழம்பு நான்தான் வெக்கோணும். அடுப்புல எண்ணெய் காயுது."

உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தாழ் விழும் சத்தம் கேட்டது.

குழாயடியில் நின்ற ஒரு அம்மாள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு அவனருகே வந்து நின்றாள். "நாச்சிக்கு நீங்க அண்ணனுங்களா?"

"ஆமாங்க."

"இத்தனை நாளா இந்தப் பக்கம் உங்களப் பாத்ததே இல்லீங்களே?"

"நான் இதே ஊருதானுங்க" என்றான் பாலுசாமி. அந்த அம்மாள் மேற்கொண்டு ஏதோ கேட்பாள் என்று தலையைக் குனிந்து நின்றான். அவள் ஒன்றும் கேட்காமல் போய்விட்டாள்.